முன்பின் தெரியாத கை: சிப்பிப்பாறையோடு முதல் நாய்க்காட்சிக்குத் தயாராவது எப்படி

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு நாய். சாம்பல் நிறச் சிப்பிப்பாறைப் பெட்டை, பெயர் மயிலை. அவளோடு இதுவரை ஆறு காட்சிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். முதல் காட்சியில் என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ரிங் என்கிற போட்டிக் களத்துக்குள் போய் நின்றோம். நடுவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். மயிலை வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு என் முழங்காலுக்குப் பின்னால் ஒண்டிவிட்டாள். அவர் பொறுமையாக இன்னொரு தடவை முயன்றார். தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். பல்லைப் பார்க்க முடியவில்லை, முதுகைத் தடவ முடியவில்லை. நடுவர் மெல்லத் தலையசைத்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தொட்டுப் பார்க்க முடியாத நாயை அவர் எதை வைத்து மதிப்பிடுவார்? மயிலையின் எலும்பு, நடை, உடம்பு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு நான்கு பேரின் கையைத் தவிர வேறு கை அவள் மேல் பட்டதே இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி நம் நாட்டு இன நாய்களை வளர்க்கிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். இவை வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும், அந்நியரைக் கிட்டே சேர்க்காது. காட்டிலும் வாசலிலும் அந்தக் குணத்துக்காகவேதான் நம் முன்னோர் இவற்றை வளர்த்தார்கள். லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நமக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகவும் இதைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறேன்.

காட்சியில் ஒரு நாயையும் இன்னொரு நாயையும் பக்கத்தில் நிறுத்தி எது அழகு என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு, ஸ்டாண்டர்டு என்பார்கள். தலை எப்படி இருக்க வேண்டும், பல் எப்படிச் சேர வேண்டும், எந்த நிறம், என்ன உயரம், நடை எப்படி என்றெல்லாம் அதில் இருக்கும். ராஜபாளையம் என்றால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, கழுத்தும் முதுகும் சேர்கிற தோள்மேட்டில் ஏறக்குறைய 65 முதல் 75 செ.மீ. உயரம். அந்த இலக்கணத்துக்கு எந்த நாய் கிட்ட வருகிறது என்பதுதான் நடுவர் பார்க்கிற கணக்கு. ஆகவே உங்கள் இனத்தின் ஸ்டாண்டர்டை வாங்கி நாலு தடவை படியுங்கள். பிறகு உங்கள் நாயை எதிரே நிறுத்தி, பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள்.

உயரம் அளக்கும்போது என் தொழில் டேப்பை நம்பி நான் ஏமாந்தேன். உடம்போடு ஒட்டி அளந்தால் வளைவுக்கும் சேர்த்துக் கணக்கு கூடிவிடும். நாயைச் சமதரையில் சுவரோரமாக நிறுத்தி, தலை இயல்பாக இருக்கும்போது தோள்மேட்டின் உச்சியில் ஒரு நேரான ஸ்கேலைப் படுக்கை வசமாக வைத்துச் சுவரில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும்தான் உயரம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காட்சிக்கு நாய் இல்லாமல் போய்வாருங்கள். சென்னையில் மெட்ராஸ் கெனைன் கிளப் நடத்துவது, ஊட்டியில் மே மாதக் குளிரில் நடப்பது என்று நம் மாநிலத்திலேயே பெயர் பெற்ற காட்சிகள் உண்டு. சமவெளியில் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் நடத்தி முடித்துவிடுவார்கள். வாசலில் கேட்டலாக் விற்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ரிங்கில் எந்த இனம், எந்த எண்ணுக்கு எந்த நாய், அதன் தாய் தகப்பன் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் இனத்து ரிங்கின் ஓரமாக உட்கார்ந்து, நாயைப் பார்ப்பதைவிட நாயைப் பிடித்திருப்பவரின் கையைப் பாருங்கள். அவர் எப்போது கயிற்றைத் தளர்த்துகிறார், எப்போது ஒரு துணுக்கு ஈரலைக் காட்டுகிறார், எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பேச வேண்டுமென்றால் அவர்கள் ரிங்கை முடித்துவிட்டு வந்த பிறகு பேசுங்கள். உள்ளே போகப் போகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கேட்காமல் யாருடைய நாயையும் தொடாதீர்கள்.

அடுத்தது தாள். இந்தியாவில் சாம்பியன்ஷிப் காட்சிகள் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் விதிப்படி நடக்கின்றன. கேசிஐ என்று சொல்வார்கள், தலைமையகம் சென்னையில்தான். நாய் அங்கே பதிவாகி இருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும். சிப் என்பது அரிசியளவு பொருள். கால்நடை மருத்துவர் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிடுவார். அதில் 15 இலக்க எண் இருக்கும். சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஸ்கேனர் காட்டுகிற எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும்போதே சரிபாருங்கள். குட்டிகளை ஈனிய நாயின் உரிமையாளர்தான் முதலில் ஈற்றைப் பதிவு செய்வார், அதன் பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றுப் படிவத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. “குட்டியைக் கொண்டுபோங்க, பேப்பர் பின்னால வரும்” என்று சொன்ன ஒருவரை நம்பி, நானும் என் தங்கையும் ஒரு கன்னிக் குட்டிக்கு முழுப் பணமும் கொடுத்தோம். பேப்பர் இன்றுவரை வரவில்லை. அந்த நாய் தங்கை வீட்டில் ராணி மாதிரி இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் பதிவுத் தாள் கையில் வராமல் காட்சிக் குட்டி என்று சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

நம் ஊர்ப்பக்கம் தலைமுறை தலைமுறையாக நல்ல நாய் இருக்கும், தாள் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட நாட்டு இன நாயைக் கேசிஐ நடுவர் பார்த்து, இனத் தன்மை சரி என்று எழுதிக் கொடுத்தால் தனி நாயாகப் பதிந்துகொள்ளும் வழி இருக்கிறது. சான்றிதழில் பாட்டன் பூட்டன் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். அதுவரை மாவட்டங்களில் நடக்கிற நாட்டு நாய்க் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகலாம். அங்கே பெரும்பாலும் தாள் கேட்பதில்லை, கூட்டமும் சத்தமும் மட்டும் நிறைய இருக்கும். பழக்குவதற்கு அது போதும்.

இனி கை விஷயம்.

முதல் காட்சி முடிந்து வந்த மறுவாரத்திலிருந்து மயிலையைத் தினமும் கடைக்குக் கூட்டிப்போனேன். தையல் கடைக்கு நாள் முழுக்க ஆள் வரும். கோழி ஈரலை வேகவைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சுண்ட வறட்டி, சுண்டுவிரல் நகமளவு நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். வறட்டினால் கையில் ஒட்டாது, பையில் நாறாது. முதல் இரண்டு வாரம் யாரையும் தொடவிடவில்லை. வருகிறவர் அவளைப் பார்க்காமல் ஒரு துணுக்கைத் தரையில் போட்டுவிட்டு என்னிடம் அளவு கொடுப்பார். அவ்வளவுதான். ஆள் வந்தால் ஈரல் வரும் என்பது அவளுக்குப் புரிந்த பிறகு, விரல்களை மடக்கிய கையை அவள் மூக்கு மட்டத்துக்குக் கீழே நீட்டச் சொன்னேன். மோந்து பார்ப்பாள், ஈரல். அடுத்து தாடைக்கு அடியில் ஒரு நொடி தொடுவது, ஈரல். ஒருபோதும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக விடாதீர்கள். மேலிருந்து வருகிற கை நாய்க்குப் பருந்து மாதிரி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் தொட வேண்டும், ஈரல் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். பலரும் ஈரலைக் காட்டி இழுத்து, அது தின்னும்போது தொட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நாய் தின்பதைக்கூடச் சந்தேகப்பட ஆரம்பிக்கும். தொட்டால்தான் கிடைக்கும் என்று அது தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். பின்வாங்கினால் விட்டுவிடுங்கள், பட்டையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் நாய்க்குச் சலிப்பு வந்துவிடும், சலித்த நாய் அன்றைக்குக் கற்றதையும் மறந்துவிடும்.

தாடையில் தொடங்கி நெஞ்சு, தோள், முதுகு, இடுப்பு, வால் என்று வரிசையாகப் போனோம். நடுவரின் கையும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகும். கடைசியில் உதடு. மேலுதட்டைத் தூக்கிக் கீழுதட்டை இறக்கி முன்பற்கள் சேர்கிற இடத்தைப் பார்ப்பார்கள். மேல்வரிசைப் பல் கீழ்வரிசைக்குச் சற்று முன்னால், கத்தரிக்கோல் அலகு மாதிரி உரசிக்கொண்டு இருக்க வேண்டும். கடுவன் நாய் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், அதற்கும் பழக்க வேண்டும். எதிர் வீட்டு ஆச்சியிடம் இதற்காகவே தினம் சாயங்காலம் கூட்டிப்போவேன். “வா தாயி, பல்லக் காட்டு” என்று ஆச்சி சொன்னாலே மயிலை முகத்தை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஹெல்மெட் போட்டவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், தாடி வைத்தவர், குடை பிடித்தவர் என்று விதவிதமான ஆட்களைத் தேடிப் பிடித்தேன். ஹெல்மெட்தான் மிகக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் சேர்த்து நாலு மாதம் ஆயிற்று. இரண்டு மாதக் குட்டியிலேயே தொடங்கியிருந்தால் இதில் பாதி நாள்கூட ஆகியிருக்காது என்பதை இப்போது வருத்தத்தோடு சொல்கிறேன். குட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தொடங்குங்கள்.

ராஜபாளையம் குட்டி எடுப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வருவதுண்டு. குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டுங்கள், ஒவ்வொன்றையும் தனியாக வைத்துச் சோதியுங்கள். கூட்டமாக இருந்தால் கேளாத குட்டியும் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பிவிடும்.

நிற்க வைப்பதை ஸ்டேக் என்பார்கள். முன்னங்கால்கள் தோளுக்கு நேர் கீழே தூண் மாதிரி இறங்க வேண்டும். பின்னங்கால்களைச் சற்றுப் பின்னால் தள்ளி, கணுவிலிருந்து பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்துவிட்டு நம் நாயின் பின்னங்காலை இழுத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, இடுப்பின் இயல்பான வளைவு போய்விடும். வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள். பத்து நொடியில் தொடங்கி ஒரு நிமிடம் வரை கூட்டினால் போதும்.

நடையில், நாய் உங்கள் இடப்பக்கம் வர வேண்டும். நடுவருக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் மறைக்கக் கூடாது. நேராகப் போய்த் திரும்பி வருவது, முக்கோணம், வட்டம் இந்த மூன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். வெளிநாட்டு நடுவராக இருந்தால் கையாலேயே காட்டுவார். நாய் துள்ளக் கூடாது, சீராகப் பெருநடை போட வேண்டும். உங்கள் வேகம் தவறினால் அதன் நடையும் கெட்டுவிடும். நான் விடியற்காலையில் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் மயிலையோடு ஓடிப் பழகினேன். என் தம்பி கைபேசியில் பிடித்த படத்தைப் பார்த்துத்தான் நான் மெதுவாக ஓடுகிறேன் என்று தெரிந்தது. கழுத்துக்குப் பட்டையோ சங்கிலியோ வேண்டாம். மெல்லிய சுருக்குக் கயிறு, காதுக்குப் பின்னால் உயரமாக, இறுக்கமில்லாமல் இருந்தால் போதும்.

காட்சிக்கான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு, காட்சி நாளுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். மைனர் பப்பி, பப்பி, ஜூனியர், இன்டர்மீடியட், பிரெட் இன் இந்தியா, ஓப்பன் என்று பிரிவுகள் இருக்கும். வயதுக் கணக்கு, காட்சி நடத்துகிறவர்கள் தரும் ஷெட்யூலில் போட்டிருக்கும், காட்சி நாளன்று நாய்க்கு என்ன வயது என்று பார்த்து எழுதுங்கள். கடுவனும் பெட்டையும் தனித்தனியாக நடக்கும். அதில் முதலாக வந்த கடுவனும் பெட்டையும் மோதி இனத்தில் சிறந்த பெஸ்ட் ஆஃப் பிரீட், பிறகு பல இனங்கள் சேர்ந்த குரூப், கடைசியில் காட்சியிலேயே சிறந்த பெஸ்ட் இன் ஷோ. இதெல்லாம் ரிங்குக்குப் போனால் தானாகப் புரிந்துவிடும், முன்கூட்டியே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தடுப்பூசியில் மட்டும் சமரசம் கூடாது. நூற்றுக்கணக்கான நாய்கள் கூடும் இடம், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் போட்டு, உடம்பு ஏற்றுக்கொள்ள நாள் விட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். ஊசி போடாத குட்டியை வேடிக்கை காட்டக்கூடக் கூட்டிப்போகாதீர்கள். உண்ணி இருக்கிறதா என்று காதுமடல், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டையை அந்தத் தடவை வீட்டில் விட்டுவிடுங்கள், சுற்றி இருக்கும் கடுவன்கள் பாடும் அவள் பாடும் திண்டாட்டமாகிவிடும். நகத்தை வாராவாரம் வெட்டுங்கள். நீண்ட நகம் பாதத்தை விரித்துவிடும். குளியல் இரண்டு நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், காட்சி அன்று ஈரத்துணியால் துடைத்தால் பளபளப்பு தானாக வரும்.

பயணத்துக்கு ரயில் என்றால் முதல் வகுப்பில் இருவருக்கான கூப்பே அல்லது நால்வருக்கான கேபின் முழுவதையும் எடுத்தால் நாய் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டுதான். அந்தக் கூண்டில் ஒரு ராத்திரி கிடந்த நாய் காலையில் ரிங்கில் நிமிர்ந்து நிற்காது. நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறோம். முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. காலையில் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு, தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கூட்டத்தில் யாராவது “ஏங்க, நாய்க்குச் சோறே போடலையா?” என்று கேட்பார்கள். மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விலா எலும்பு கடைசி இரண்டு மூன்று லேசாகத் தெரிவதுதான் ஓடுகிற நாய்க்கு ஆரோக்கியம். அந்தப் பேச்சுக்குப் பயந்து கொழுக்க வைத்துவிட்டால் நடை போய்விடும்.

உடை விஷயத்தில் என் தொழில் கைகொடுத்தது. சேலையின் முந்தானையோ துப்பட்டாவோ காற்றில் பறந்து நாயின் முகத்தில் அடித்தால் மிரளும். நான் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற குர்தா தைத்து, வலப்பக்கம் ஈரலுக்கு ஒரு பை வைத்தேன். உள்பக்கம் ரெக்சின் கொடுத்துவிட்டால் எண்ணெய் ஊறாது. நிறம் கருஞ்சிவப்பு, ஏனென்றால் சாம்பல் நாய் அதன் முன்னால் எடுப்பாகத் தெரியும். வெள்ளை ராஜபாளையத்துக்குக் கருநீலம் பொருந்தும். வளையல், கொலுசு, சாவிக்கொத்து வேண்டாம். செருப்பு வேண்டாம், கால் வழுக்காத கேன்வாஸ் ஷூ. ஊட்டிக்குப் போவதாக இருந்தால் நாய்க்கும் ஒரு போர்வைச் சட்டை தைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ரோமமும் கொழுப்பும் மெலிவு, காலைக் குளிரில் நடுங்கினால் முதுகைக் கூனிக்கொள்ளும். சமவெளியில் எதிர்ப்பிரச்சினை. பாய், வாளி, நிறையத் தண்ணீர், ஈரத்துண்டு, நிழல். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கட்டியாகி, தள்ளாடினால் காட்சியை மறந்துவிட்டு வயிறு, தொடை, பாதமெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இரண்டாவது காட்சியில் என் கைதான் நடுங்கியது. கயிறு வழியாக அது நாய்க்குப் போய்விடும், ஆகவே உள்ளே நுழையுமுன் நாலு தடவை மூச்சை இழுத்து விட்டேன். எண் அட்டையை இடக்கையில் மாட்டிக்கொண்டு நின்றோம். நடுவர் ஒரு பெண்மணி. கையைக் கீழிருந்து கொண்டுவந்தார். மயிலை மோந்து பார்த்தாள். காது லேசாகப் பின்னால் போயிற்று, கால் நகரவில்லை. தாடையைப் பிடித்து உதட்டைத் தூக்கினார். ஆச்சியிடம் காட்டுவதைப்போலவே முகத்தை நீட்டிக் காட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வகுப்பில் இரண்டே நாய்கள், நாங்கள் இரண்டாவது. முதலாவது வந்த செவலை நாயின் தோள் இவளைவிட நன்றாகச் சாய்ந்திருந்தது, அது நியாயமான தீர்ப்பு.

தோற்றாலும் நடுவர் தரும் கார்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். எதனால் தோற்றோம் என்று அறிய ஆசையிருந்தால் அன்றைய நடுவர் வேலை முழுவதும் முடிந்த பிறகு போய்ப் பணிவாகக் கேளுங்கள். நல்ல நடுவர்கள் சொல்லித் தருவார்கள். முதலில் வந்தவரிடம் போய் அந்த நாயின் தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செவலையை வளர்க்கிற அண்ணன் இன்றைக்கு எங்கள் வேனில் ஒரு பங்கு.

என் தாத்தா காலத்தில் இந்த நாய்களுக்கு முயல் வேட்டை என்று ஒரு வேலை இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டை குற்றம், அது சரியான சட்டம்தான். ஆனால் வேலை போன நாயை ஊர் கைவிட்டுவிட்டது. எத்தனையோ வீடுகளில் நல்ல வழி நாய்கள் கண்டபடி கலந்து போய்விட்டன. இந்த ரிங்கில் பத்துச் சிப்பிப்பாறைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் போன காட்சிகளில் அதிகம் பார்த்தது நாலுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவி, உண்ணி பார்த்து, வழக்கமான சோற்றை வையுங்கள். மறுநாள் பயிற்சி வேண்டாம். வேலி அடைத்த தோட்டம் இருந்தால் அவிழ்த்து விட்டு ஓடவிடுங்கள். அதற்கடுத்த நாள் ஆச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.